சிங்கம்புணரி: எந்தக் கணக்கை எழுதுவது?

திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி செல்லும் பேருந்தில் ஒரு முற்பகல் வேளையில் அமர்ந்திருந்தேன். சாலையின் இரு மருங்கிலும் செம்மண் நிலம். இடையிடையே கண்மாய்க் கரைகள். ஊர் நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகள். பக்கத்து இருக்கையில் வெள்ளைத் தொப்பியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர். ஸலாம் கூறிப் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய ஊரைப் பற்றி எழுத வந்திருப்பதாகச் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது.

"ஊரில் எத்தனை பேர் இருக்காகன்னு எழுதுவீகளோ?"

"அதையும் எழுதத்தான் வேண்டும், அத்தா."

"அப்ப எங்க வீட்டையே எடுத்துக்கிடுங்க தம்பி. குடும்ப அட்டையில் ஏழு பேரு. ராத்திரி சோத்துக்கு உட்கார்றது நானும் அவளும் ரெண்டே பேருதான். இதில் எந்தக் கணக்கை எழுதுவீக?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆயினும், அன்று மாலை வரை அக்கேள்வி என்னுடனேயே நடந்து வந்தது.

ஊரா, நகரமா?

சிவகங்கை மாவட்டத்தின் வடமேற்கில், செட்டிநாட்டின் விளிம்பில் அமைந்திருக்கிறது சிங்கம்புணரி. முன்னர் திருப்பத்தூர் வட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர் இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். ஆட்சி முறையில் பேரூராட்சி. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 18 ஆயிரத்தைச் சற்றே கடந்திருந்தனர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால், இன்றும் அந்தப் பழைய எண்ணையே நாம் எடுத்தாள வேண்டியிருக்கிறது.

பேரூராட்சி என்பது கிராமத்துக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட ஒரு நிலை. அந்த இடைநிலையை என்னவென்று அழைப்பது என்பதில் அரசுக்கே ஒரு காலத்தில் தயக்கம் இருந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகள் 2004இல் 'சிறப்புச் சிற்றூராட்சி' என மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஏட்டில் பெயர் போய் வந்ததே தவிர, இத்தகைய ஊர்களின் இயல்பு மாறிவிடவில்லை. சிங்கம்புணரியில் கடைவீதி நெரிசலில் நின்றால் நகரம் எனத் தோன்றும். இரண்டு தெரு தள்ளி நடந்தால், வெயிலில் உலரும் நாரும் தொழுவத்து மாடும் கிராமம் என்றே சொல்லும்.

இவ்வூருக்குப் புகைவண்டி நிலையம் கிடையாது. எல்லாம் பேருந்துதான். கிழக்கே திருப்பத்தூர், காரைக்குடி. மேற்கே கொட்டாம்பட்டி சென்றால் மதுரை - திருச்சி நெடுஞ்சாலை. கரந்தமலைப் பகுதியில் தோன்றி வரும் பாலாறு ஊரைத் தொட்டுச் செல்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு வேறு, இது வேறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இந்த ஆறும், மழையை நம்பிய கண்மாய்களும், கிணறுகளுமே இப்பகுதி உழவரின் வாழ்வு.

வந்து சேரும் மக்கள்

பதினெட்டாயிரம் என்பது இங்கே உறங்கி எழுவோரின் எண்ணிக்கை. வாரச்சந்தை கூடும் நாளிலோ சுற்றுப்புறச் சிற்றூர்களெல்லாம் இங்கு வந்துவிடுகின்றன. காய்கறி விற்க வருவோர், விதை வாங்க வருவோர், பிள்ளைக்குச் சட்டை எடுக்க வருவோர், மருத்துவரைப் பார்க்க வருவோர் என்று ஊர் நிறைகிறது. இப்பகுதியின் கடலை எண்ணெய்க்கு வெளியூர்களிலும் நல்ல பெயர் உண்டு. 'புணர்தல்' என்னும் சொல்லுக்குச் சேர்தல் என்று பொருள். ஊர்ப் பெயரின் மூலத்தை ஆராய்வது என் நோக்கமன்று. எனினும், சேருமிடம் என்னும் பொருள் இவ்வூருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இந்தச் சேர்க்கை நேற்று முளைத்ததன்று. ஊருக்கு அருகே நிமிர்ந்து நிற்கிறது பிரான்மலை. சங்க காலத்து வள்ளல் பாரியின் பறம்பு மலை இதுவே என்பர். மலையடிவாரத்துச் சிவாலயத்தில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 13ஆம் நூற்றாண்டில் பொறித்த கல்வெட்டொன்று உண்டு. உப்பு, மிளகு, பாக்கு, பஞ்சு, நூல், இரும்பு எனப் பல சரக்குகளைக் குறிப்பிட்டு, பொதிக்கு இவ்வளவு எனக் கோயிலுக்கு அளிக்க இசைந்த தொகைகளை அது பட்டியலிடுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் வண்டியும் பொதிமாடும் ஓயாமல் சென்றிருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே மலையின் உச்சியில் ஷெய்கு அப்துல்லாஹ் வலியுல்லாஹ் அவர்களின் தர்கா இருக்கிறது. அடிவாரத்தில் சிவாலயம், உச்சியில் இறைநேசரின் அடக்கத்தலம். ஏறுகிற பாதை ஒன்றே. சிங்கம்புணரிக்குள் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. அதன் வைகாசித் திருவிழாத் தேரோட்டத்தின்போது நேர்த்திக்கடனாக உடைபடும் தேங்காய்கள் மலைபோல் குவியும். முத்துவடுகநாத சித்தரின் அடக்கத்தலமும் இவ்வூரில்தான்.

2011 கணக்கின்படி சிவகங்கை மாவட்டத்து மக்கள் 13,39,101 பேர். அவர்களில் நூற்றுக்கு 88க்கு மேற்பட்டோர் இந்துக்கள். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தனித்தனியே ஐந்து விழுக்காட்டைச் சற்றுக் கடந்தவர்கள். இந்த எண்களைப் பார்த்துவிட்டு, சிறுபான்மையினர் ஒதுங்கி வாழ்வர் என்று எவரேனும் எண்ணினால், அவர் இவ்வூர்க் கடைவீதியில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். இங்கே 'மாமா' என்றும் 'மச்சான்' என்றும் அழைத்துக்கொள்வோரின் மதத்தைப் பெயர் கேட்ட பிறகே அறிய முடிகிறது.

நாரும் கையும்

சிங்கம்புணரியின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு செல்லும் தொழில் கயிறு. தோப்புகளில் உரிக்கப்படும் மட்டை, ஆலையில் அடிபட்டு நாராகிறது. நாரை வெயிலில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த நார் ராட்டையில் முறுக்கேறிப் புரியாகிறது. புரிகள் சேர்ந்து கயிறாகின்றன. ஒரு காலத்தில் கழிவென்று வீசப்பட்ட நார்த்தூள்கூட இன்று செடி வளர்க்கும் கட்டிகளாகிக் கடல் கடக்கிறது.

நான் நின்று பார்த்த கொட்டகையில் வேலை செய்தோர் பெரும்பாலும் பெண்கள். நடுத்தர வயதுடைய ஒருவர், கை ஓயாமலே பேசினார். "மழை வந்தா ஊரே சந்தோசப்படும் அண்ணே. எங்களுக்கு மட்டும் வயிறு கலங்கும். நாரு காயாட்டி அன்னைக்குக் கூலி இல்லை." மழைக்கு ஏங்கும் மண்ணில் மழைக்கு அஞ்சும் ஒரு பிழைப்பு!

நைலான் கயிறு வந்து பழைய சந்தையைப் பறித்தது ஒரு துன்பம். மற்றொன்று, தமிழ்நாட்டு நாரில் பெரும்பங்கு நாராகவே கட்டப்பட்டுச் சீனா போன்ற நாடுகளுக்குச் செல்வது. விரிப்பாகவும் மெத்தையாகவும் அதை மாற்றுகிற வேலையும், அந்த வேலையின் ஊதியமும் வேற்றூருக்குப் போய்விடுகின்றன.

பெரியவரின் வீட்டில்

நண்பகல் தொழுகைக்குப் பின் பெரியவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுப்பிய வீடு, பளிங்குத் தரை, மேல்மாடியில் மூன்று அறைகள் பூட்டிக் கிடந்தன. மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவர் துபாயில். மருமகளும் பேரப் பிள்ளைகள் இருவரும் படிப்பின் பொருட்டுச் சென்னையில்.

இது ஒரு வீட்டின் கதையன்று. 2015இல் நடத்தப்பட்ட தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்களில் சிங்கப்பூரில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். கணக்கெடுப்பு நாள்கள் முழுவதும் வெளியூரில் இருப்பவர் சொந்த ஊரின் எண்ணிக்கையில் சேர்வதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் 2011இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள் இருந்தனர். மாநில அளவிலோ 996. பிழைப்புத் தேடிப் போன ஆண்களும் இதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

போவதைக் குறை கூற எவருக்கு உரிமை இருக்கிறது? கண்மாய் வறண்டபோது இவ்வூர் அடுப்புகளை எரிய வைத்தது கடல் கடந்து வந்த பணமே. ஆனால், அந்தப் பணம் பளிங்குத் தரையாகி, பூட்டிய அறையாகி முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் கவலை. நான்கு பேர் சேர்ந்து கூட்டு வாணிபமாக ஒரு விரிப்பு நெய்யும் பட்டறை தொடங்கினால், நார் இவ்வூரிலேயே பொருளாகும். கொட்டகையில் கண்ட அந்தச் சகோதரிக்கு மழை நாளிலும் கூரையின் கீழ் வேலை கிடைக்கும். பேரப் பிள்ளைகளில் ஒருவராவது படிப்பை முடித்துத் திரும்பி வர ஒரு காரணமும் இருக்கும். எளிதன்று என்பதை அறிவேன். ஊர் நீங்கிக் கடல் கடப்பது மட்டும் எளிதாகவா இருந்தது?

விடைபெறும் வேளையில் வீட்டு அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். சோறு மிஞ்சிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று வற்புறுத்தினார். பெரியவர் சிரித்தார்.

"தினமும் மிஞ்சும் தம்பி. ரெண்டு பேருக்குன்னு அரிசி அளக்க இவளுக்கு இன்னும் கை வரலை."

உட்கார்ந்து சாப்பிட்டேன். அவருடைய கேள்விக்கு விடை அந்த உலையிலேயே இருந்தது. அரசாங்க ஏட்டில் அந்த வீட்டுக்கு இரண்டு பேர். அந்தத் தாயின் அளவில் இன்னும் ஏழு பேர்தான். சிங்கம்புணரியின் உண்மையான தொகையும் அவ்வாறே.

வெளிநாட்டிலிருந்து இவ்விதழைப் படிக்கும் அன்புச் சகோதரர்களே! உங்கள் ஊரும் இப்படித்தான் உங்களையும் சேர்த்து அளந்து கொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறையில் வரும்போது, வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்புவதற்கு முன், ஊருக்கு ஒரு தொழில் எழுப்ப முடியுமா என்று குடும்பத்தாரோடு அமர்ந்து பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், பூட்டிய அறைகள் திறக்கும்.