உரிமம் இருந்தும் ஓர் இரவு காவலில்!

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பாதையிலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கமும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் சம்சாரிக்கு இரண்டாவது வேலை தொடங்குகிறது. மாந்தோப்பில் தகர டப்பா தட்டும் சத்தம், கரும்புக் காட்டோரம் டார்ச் வெளிச்சம், எங்கோ வெடிக்கும் ஒற்றை வேட்டு. காட்டுப்பன்றி ஒரு கூட்டம் இறங்கிவிட்டால் விடிவதற்குள் அரை ஏக்கர் மக்காச்சோளம் உழுத நிலம்போல் கிடக்கும். நட்டு ஆறு மாதமான தென்னங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும்.

இந்த ஊர்களில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் முறையாக உரிமம் வாங்கி, காலாகாலத்தில் புதுப்பித்து வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தோப்புக்காரருக்கு நேர்ந்தது, துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவருக்கு வயது அறுபதுக்கு மேல். வீடு ஊருக்குள், தோப்பு அடிவாரத்தில். உரிமம் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்து, உரிமப் புத்தகத்தை அலுவலகத்தில் கொடுத்திருந்தார். அதற்கான ரசீது வீட்டில் தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. காய் பிடித்திருந்த நேரம். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். வழியில் வாகனச் சோதனை.

"சாக்குல என்னய்யா?"

"துப்பாக்கிங்க ஐயா. லைசென்ஸ் இருக்கு. புதுப்பிக்கக் குடுத்திருக்கேன். ரசீது வீட்ல இருக்கு."

"எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

பெயர், ஊர், தெரு, தோப்பின் சர்வே எண் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்கு ஆள் அனுப்பினால் ரசீது வந்துவிடும் என்றும் சொன்னார். யாரும் போகவில்லை. இரவு முழுக்க நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விடிந்த பிறகு சேதி தெரிந்து, அவர் மனைவி தகரப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். ரசீதையும் பழைய நகலையும் பார்த்து, துப்பாக்கியில் உள்ள எண்ணை ஒத்துப் பார்த்து, மதியம் அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஊருக்குள் "துப்பாக்கியோட பிடிச்சிட்டாங்களாம்" என்ற பேச்சு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு மகள் வீட்டுச் சம்பந்தி நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ல் 19-வது பிரிவு இந்த நிலைமைக்காகவே எழுதப்பட்டது. துப்பாக்கியுடன் போகும் எவரிடமும் உரிமத்தைக் காட்டும்படி காவல் அதிகாரி கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் பெயரும் முகவரியும் கேட்க வேண்டும். தேவை என்று கருதினால் துப்பாக்கியைக் கைப்பற்றிக்கொள்ளலாம். பெயர், முகவரி சொல்ல மறுத்தாலோ, பொய்யாகச் சொல்வதாகவோ தப்பி ஓடப் போவதாகவோ சந்தேகம் இருந்தாலோதான் இந்தப் பிரிவின்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம்.

ஆக, உரிமம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, உண்மையான முகவரி சொன்ன ஆளைக் கைது செய்யச் சொல்லிச் சட்டம் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்புகை கொடுத்து, "நாளைக்கு உரிமத்தோடு வா" என்று அனுப்பியிருக்கலாம். "கைது செய்யவில்லை, விசாரணைக்கு உட்கார வைத்தோம்" என்று சொல்வதும் சரியாகாது. போக விடாமல் இரவு முழுக்க வைத்திருந்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது காவல்தான்.

காவல்துறையின் பக்கமும் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 20-வது பிரிவு, உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டவிரோதக் காரியத்துக்குக் கொண்டுபோகிறார் என்று நியாயமான சந்தேகம் வரும் விதத்தில் ஆயுதம் கொண்டுபோனால் கைது செய்யலாம் என்கிறது. இரவு நேரம், காட்டு அடிவாரம், சாக்கில் சுற்றிய துப்பாக்கி. மான் வேட்டைக்குப் போகும் ஆளும் இதே கோலத்தில்தான் போவான். இருட்டில் நிற்கும் காவலருக்கு இருவரையும் பிரித்துக் காட்டுவது ஒரு காகிதம்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆயுத விதிகள் 2016-ன்படி, பொது இடத்தில் துப்பாக்கியை உறையிட்டு, முழுவதும் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே தெரியும்படி வீசிக்கொண்டு போகக் கூடாது. தோப்புக்காரர் மூடிக் கொண்டுபோனது சட்டப்படி சரி. ஆனால் சாக்கு என்பதால் 'மறைத்துக் கொண்டுபோனார்' என்று ஆகிவிட்டது. துப்பாக்கிக்கென்று தைத்த உறை ஒன்று இருந்தால் இந்தப் பேச்சு வராது.

அடிவாரத்துக்கு மட்டும் உள்ள கூடுதல் கட்டுப்பாடு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிகள் மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு படி அதிகக் கவனமாக இருக்க வேண்டும். இங்கே 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 34-வது பிரிவின்படி, சரணாலயத்திலும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் கொடுக்கவும் அவருடைய முன் இசைவு வேண்டும். அடிவாரக் கிராமங்கள் பலவும் இந்த 10 கிலோமீட்டருக்குள் வருகின்றன. ஆட்சியர் கொடுத்த உரிமம் இருக்கிறதே என்று வனத்துறைப் பதிவை விட்டுவிட்டவர்கள் உண்டு. போலீஸ் விட்டாலும் வனத்துறை கேள்வி கேட்பது இங்கேதான்.

எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையவே கூடாது என்கிறது 31-வது பிரிவு. தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே சரணாலயப் பாதை குறுக்கிட்டால், சுற்று வழி போவது நல்லது. அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. துப்பாக்கி உரிமம் என்பது வேட்டை அனுமதி அல்ல. பயிரைத் தின்னும் பன்றியானாலும், உரிமத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றால் அது வனஉயிரினக் குற்றம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தமிழக அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி விஷயத்தில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். விவசாயி தன் கையால் சுட அதில் இடமில்லை. சேதத்தை உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுப்பதே வழி. அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் பன்றியோடு யானையையும் மனிதரையும் சேர்த்தே கொல்லும். அந்த வழக்கில் யாரும் உதவிக்கு வர முடியாது.

மகன் எடுத்துப் போகலாமா?

வீட்டுக்கு வீடு வரும் சந்தேகம் இது. அப்பா பெயரில் உரிமம்; துப்பாக்கியைப் பழுது பார்க்க மகன் கொண்டுபோகிறான். சட்டத்தின் 3-வது பிரிவிலேயே இதற்கு வழி இருக்கிறது. உரிமம் இல்லாத ஒருவர், உரிமதாரர் கூடவே இருக்கும்போதோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தாலோ, பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரின் உபயோகத்துக்காகத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். 'இன்ன தேதியில், இன்ன இடத்துக்கு, இன்ன வேலைக்காக, என் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். உரிமத்தின் நகலையும் இணைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாள் இல்லாமல் மகன் பிடிபட்டால் அது உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த வழக்காக மாறலாம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு சிறை. தோப்புக் காவலுக்கு வேலையாளிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உரிமதாரர் வீட்டில் படுத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான்.

பக்கத்து மாநிலத்தில்...

கர்நாடகத்தின் குடகு மலையில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில், 1861-ல் தொடங்கியது. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கும் வேட்டைக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கியை வெளிப்படையாகக் கொண்டுபோவது குடிமகனின் உரிமை. இங்கே தமிழ்நாட்டுச் சம்சாரிக்கு அது அரசு கொடுக்கும் அனுமதி. அனுமதியை ஒவ்வொரு முறையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

தோட்டா விஷயத்திலும் இதே கதை. முறையான உரிமம் உள்ளவர்கள், பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் டெல்லி விமான நிலையத்தில் பிடிபட்ட வழக்குகள் ஏராளம். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த் லால் வழக்கில் சொன்னதை வைத்து, டெல்லி உயர் நீதிமன்றம் அப்படிப் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் ரத்தாகும் வரை அலைந்தது அலைந்ததுதான். தோப்புக்குக் கொண்டுபோன பையையே ஊருக்கும் எடுத்துப் போகும் பழக்கம் உள்ளவர்கள், கிளம்பும்முன் அதை ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும்.

பிடித்தால் என்ன செய்வது?

முதலில், வாக்குவாதம் வேண்டாம். வண்டியை நிறுத்தி, "துப்பாக்கி இருக்கிறது, உரிமம் இருக்கிறது" என்று தாமே முதலில் சொல்லிவிட வேண்டும். கையைத் துப்பாக்கியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பெயர், முகவரியைச் சரியாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கியைக் கைப்பற்றினால் எண் குறித்த ஒப்புகை கேட்டு வாங்க வேண்டும்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யாமல், அவசியம் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தவறுதலாக வழக்குப் பதிவானாலும் கதவு அடைத்துவிடுவதில்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் நீதிமன்ற நடவடிக்கை தொடங்க, 39-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். உரிமம் கொடுத்ததும் அவரே. எனவே உரிம விவரங்களோடு ஆட்சியருக்கு உடனே ஒரு மனு கொடுப்பது பலன் தரும்.

வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வேலைகள் இவை:

* உரிமத்தின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, ஒன்றைத் துப்பாக்கி உறையிலும் ஒன்றைத் தோப்பு வீட்டிலும் வைக்க வேண்டும். மகன் அல்லது மகளின் கைப்பேசியில் படமும் இருக்கட்டும்.
* உரிமத்தில் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.
* முடிவு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்து, ரசீதைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.
* தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக உத்தரவிடக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. விலக்கு வேண்டுபவர் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.
* உள்ளூர்க் காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் அறுவடைக் காலத்துக்கு முன், 'இந்த மாதங்களில் இரவில் தோப்புக்குத் துப்பாக்கியுடன் போய்வருவேன்' என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைக்கலாம். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் இரவுச் சோதனையில் நிற்பவருக்கு ஆளைத் தெரிந்திருப்பது பாதி பாதுகாப்பு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தரும். அழைக்க வேண்டிய எண் 15100. துப்பாக்கி உள்ள வீட்டில் அந்த எண் உரிமதாரருக்குத் தெரிந்திருப்பதைவிட, அவர் மனைவிக்குத் தெரிந்திருப்பது முக்கியம். பிடிபட்ட இரவில் போன் பண்ண வேண்டியவர் அவர்தான்.