பல்லாவரத்துப் பாறைகள்

சென்னை நகரத்தை விட்டுத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், விமான நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும், கடைகளுக்கும் மேம்பாலத்துக்கும் பின்னால் தலைகாட்டும் கரிய குன்றுகளை நாள்தோறும் லட்சக்கணக்கான பிரயாணிகள் பார்த்துக்கொண்டே போகிறார்கள். போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் பல்லாவரம் என்பது தாம்பரத்துக்கு முன்னால் வரும் ஒரு ரயில் நிலையம், அல்லது வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பெரிய சந்தை, அவ்வளவே. காஞ்சிக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டம் கூட்டமாக யாத்திரை செல்லும் நம்மவர்கள், அந்த இரண்டு ஊர்களையும் அழகுபடுத்திய அதே வம்சத்தாரின் பெயரைத் தாங்கி நகரத்தின் வாசலிலேயே நிற்கும் இவ்வூரில் இறங்கிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். பல்லவரின் காலம் மட்டுமல்ல, அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட காலமும், அதற்குப் பிற்பட்ட ஒவ்வொரு காலமும், நடந்தே பார்த்துவிடக்கூடிய இச்சிறு பிரதேசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

சாலையின் ஆரவாரத்தை விட்டு உள்ளே திரும்பிவிட்டால் ஊரின் சுபாவமே வேறு. ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கன்டோன்மென்ட் என்று மூன்று பகுதிகளின் பெயர்களாலேயே தன் பூர்வ சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் இவ்வூரில், தெருக்கள் குன்றை நோக்கி மெல்ல ஏறுகின்றன. மத்தியான வேளைகளில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களையும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் தவிர வேறு நடமாட்டம் அதிகமில்லை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் நகரத்து உத்தியோகஸ்தர்கள் இப்பக்கம் குடியேறுவது பெருகியது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பல்லாவரமும் அதனுள் அடங்கிற்று. ஆயினும் குன்றின் அடிவாரத்துத் தெருக்களில் இன்னும் கிராமத்தின் நிதானம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

அக்குன்றின் சரிவில்தான், கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்புமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் செய்வித்ததாக மண்டகப்பட்டில் பெருமிதத்தோடு சாசனம் பொறித்த, ‘விசித்திரசித்தன்’ என்ற விருதுப் பெயருடைய அதே அரசன்தான் இவன். ‘மத்தவிலாச’ப் பிரகசனத்தை எழுதிய நாடகாசிரியனும் இவனே. பல்லாவரத்துக் குடைவரை, அவன் செய்வித்த மற்றக் குகைகளைப் போலவே, ஆடம்பரமற்றது: மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பெற்ற கனத்த தூண்கள், அவற்றின் மேல் வளைந்த போதிகைகள், போதிகைகள் தாங்கும் உத்தரம், உள்ளே பின்சுவரில் வரிசையாகக் குடையப்பட்ட ஐந்து கருவறைகள். மாமல்லபுரத்துச் சிற்ப வைபவத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாற்றமடையக்கூடும். ஆனால் பாறையைக் குடைந்து கோயில் செய்வது என்ற எண்ணமே தொண்டை நாட்டில் புதிதாக இருந்த காலத்தில், சிற்பி தன் உளியைப் பாறையின் கடினத்தோடு முதன்முதலாகப் பரீட்சை செய்து பார்த்த தயக்கமும் துணிவும் இந்தத் தூண்களின் கனத்தில் எனக்குத் தென்படுகின்றன. ஒரு தூண் மெலிந்திருந்தால் மேலுள்ள மலை இறங்கிவிடும் என்று அவன் அஞ்சியிருக்க வேண்டும். மேலே உள்ள உத்தரங்களில் மகேந்திரனின் விருதுப் பெயர்கள் பல்லவக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயர் சென்னையில் தங்கள் கோட்டையை எழுப்புவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அக்கோட்டைக்கு ஒரு பகல் நடைத் தூரத்தில், ஓர் அரசன் தன் பெயரைக் கல்லில் எழுதி வைத்துச் சென்றிருக்கிறான் என்பதை எண்ணும்போது, சென்னையின் சரித்திரத்தைக் கோட்டையிலிருந்து தொடங்கும் நம் வழக்கம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

இந்தக் குகை இன்று ஒரு தர்கா. பின்வந்த காலத்தில் இஸ்லாமியர்களின் வழிபாட்டு ஸ்தலமாக மாறி, இன்றும் அவ்வாறே விளங்குகிறது. தூண்களின் மீது வர்ணம் பூசப்பட்டிருப்பதால் எழுத்துகள் சில இடங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் பண்டிதர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊதுவத்தி ஏற்றப்படும் குகையை யாரும் உடைத்துக் கல்லாக விற்பதில்லை; விளக்கு எரிகிற இடத்தில் சுவரை இடிப்பார் வருவதில்லை. சுற்றியுள்ள குன்றுகளெல்லாம் கல்குவாரிகளாகி, ஜல்லியாக நொறுங்கி, சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் போய்ச் சேர்ந்துவிட்ட இப்பிரதேசத்தில், ஒரு பக்கத்துப் பாறை மட்டும் முழுமையாக நின்றதற்கு, தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து தொழுத ஏழை எளிய மக்களின் பக்தியும் ஒரு முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன். வர்ணத்தை மெல்ல அகற்றிவிடலாம். போன பாறையை மீட்க முடியாது.

குவாரிகளைச் சொன்னேன். பல்லாவரத்துக் குன்றுகளும், அடுத்துள்ள திரிசூலத்து மலைகளும், சற்று வடக்கே உள்ள பரங்கிமலையும் ஒரே இனத்துக் கருங்கல்லால் ஆனவை. நீலம் கலந்த கருமை நிறமும், உடைத்த முகத்தில் ஒருவித எண்ணெய்ப் பளபளப்பும் உடைய அந்தக் கல்லுக்கு உலகெங்கும் உள்ள புவியியலாளர்கள் வழங்கும் பெயர் சார்னோக்கைட் என்பது. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை அந்நகரத்துப் புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அவருடைய கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கல்லால் ஆனது. அக்கல்லையும் இக்குன்றுகளின் கல்லையும் ஒப்பிட்டு ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் அதற்கு சார்னாக்கின் பெயரையே சூட்டினார். சார்னாக்குக்கும் நம் ஊருக்கும் வேறு ஒரு தொடர்பும் உண்டு: வங்காளத்திலிருந்து விரட்டப்பட்டுச் சென்னையில் தங்கியிருந்த 1689-ஆம் ஆண்டில், அவருடைய பெண்மக்களுக்குக் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு அவர் திரும்பிச் சென்று ஹூக்ளிக் கரையில் குடியேற்றத்தை நிலைநாட்டினார். பின்னர் இந்தப் பாறையும் அவரைத் தொடர்ந்து கடல்வழியே சென்று அவர் மார்பின்மேல் அமர்ந்தது. பரங்கிமலையில் உள்ள இக்கல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதே கல்லைப் பல்லாவரத்தில் வெடிவைத்துத் தகர்த்தோம்.

ஆயினும் பல்லாவரத்தின் மிகப் பெரிய பெருமை குன்றிலும் இல்லை, குகையிலும் இல்லை; தரைமட்டத்துக்குக் கீழே, சாலைக்காகவும் பிற வேலைகளுக்காகவும் சரளை தோண்டிய ஒரு சாதாரணப் பள்ளத்தில் இருந்தது. புவியியல் ஆய்வுத்துறையில் 1858-இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளைஞர், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, கத்திரி வெயிலில், கன்டோன்மென்ட் மைதானத்துச் சரளைக் குழி ஒன்றைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, பாறைத் துண்டுகளுக்கிடையே மனிதன் கையால் வேண்டுமென்றே சில்லுப் பெயர்த்து வடிவப்படுத்திய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலத்துக் கைக்கோடரி. ஐரோப்பாவில், பிரான்சு தேசத்து ஆற்றுப் படுகைகளில் கிடைத்த அத்தகைய கற்கள் உண்மையில் மனிதன் செய்த ஆயுதங்களே என்று அறிஞர் சபைகள் ஒப்புக்கொண்டு அப்போது நாலே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அந்த விவாதங்களைக் கவனமாகப் படித்திருந்த கண்களுக்கு மட்டுமே அன்று அந்தக் கல் ஆயுதமாகத் தெரிந்திருக்கும். அதே குழியில் மண்வெட்டி போட்ட கூலியாட்கள் எத்தனை கைக்கோடரிகளை வாரி வண்டியில் ஏற்றினார்களோ, யார் சொல்ல வல்லார்? இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி இவ்வாறு பல்லாவரத்தில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு அப்பால் அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். அந்த அத்திரம்பாக்கத்து மண்ணடுக்குகளை நம் காலத்து விஞ்ஞானிகள் நவீன முறைகளால் ஆராய்ந்து, அவற்றில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். பல்லாவரத்துக் கல்லின் வயதை அவ்வாறு கணக்கிட்டுச் சொல்வதற்கு இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முதல் கதவு இங்கேதான் திறந்தது.

ஃபூட் ஆங்கிலேயராயினும் இந்நாட்டோடு ஒன்றியவர். தமிழறிஞரான பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் அவர். வாழ்நாளெல்லாம் தென்னிந்தியக் காடுமேடுகளில் நடந்து திரட்டிய கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு 1904-இல் அளித்துவிட்டு, 1912-இல் காலமானார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டில் இருக்கிறது.

ஃபூட்டின் கண்டுபிடிப்புக்குக் கால் நூற்றாண்டு பின்னர், ஆதிச்சநல்லூரை அகழ்ந்து புகழ் பெற்ற அலெக்சாந்தர் ரீ, பல்லாவரத்தில் பெருங்கற்கால மக்களின் இடுகாட்டைத் தோண்டினார். வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்துச் சூளையில் சுட்ட மண் ஈமப்பேழைகள் அங்கே வெளிப்பட்டன. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில், இறந்தவர்களுக்கு மட்டும் மண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளின் நீளத்துக்கு அவ்வளவு பெரிய கலத்தை வெடிக்காமல் சுட்டெடுக்க எத்தகைய குயவர்கள் இருந்திருக்க வேண்டும் என்று வியக்கத்தான் தோன்றுகிறது. இந்தப் புராதன நிலம் தொல்லியல் துறையின் பாதுகாப்புக்குள் வந்தது நியாயமே. ஆனால் 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற விதி, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அரைக் கிரவுண்டு மனை வாங்கிய ஜமீன் பல்லாவரத்துக் குடும்பங்களின் தலையில் இடியாக விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத, மண்ணுக்குள் இருக்கிற, இன்னதென்று யாரும் வந்து விளக்கிச் சொல்லாத ஒரு பழமைக்காகத் தம் வீட்டின் மேல்தளம் நின்றுபோவதை அவர்கள் வெறுத்தால் அது அவர்கள் குற்றமாகாது. குகையைக் காத்தது பழக்கம். இடுகாட்டைக் காக்க முயன்றது வேலி. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அதிகாரிகள் ஆலோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். திரிசூலத்தில் நான்கு மலைகளுக்கு நடுவே அமைந்த சோழர் காலச் சிவன் கோயில், விமானங்களின் இரைச்சலுக்கு அடியிலும் அமைதி குலையாமல் இருக்கிறது. அதைத் தனியே ஒரு பகல் ஒதுக்கிப் பார்ப்பது நலம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சுவாமி வேதாசலம், பணியை விட்டு 1911-இல் பல்லாவரத்துக்குக் குடிவந்து, துறவு பூண்டு, இங்கிருந்தபடியே தனித்தமிழ் இயக்கத்தை நடத்தி, மறைமலையடிகளாக 1950 வரை வாழ்ந்தார். அவர் அரிதின் முயன்று சேர்த்த நூல்கள் பின்னர் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு நூல்நிலையமாயின. பல்லாவரத்துப் பெரிய ஏரியைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை: நடுவே சாலை போட்டு இரு கூறாக்கி, கரையில் குப்பையைக் கொட்டி, எஞ்சிய நீரைப் பார்க்கச் சகியாத நிலையில் வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிகளும் புறாக்களும் பழைய இரும்புச் சாமான்களும் வாங்க வரும் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு, அந்த வட்டாரத்து மண்ணிலிருந்துதான் இந்திய மனிதனின் தொன்மை முதன்முதலில் அறியப்பட்டது என்பதைச் சொல்லும் ஒரு கல்வெட்டாவது அவர்கள் நடக்கிற வழியில், அவர்கள் மொழியில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டாமா? குகையின் வாசலில், தர்காவின் பெரியோர்களுடைய சம்மதத்தோடு, மேலேயுள்ள பழைய எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று எழுதி வைப்பதற்குச் செலவு அதிகமாகாது. ஃபூட் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூரும் பல்லாவரமும் ஒரே ரயில் பாதையில் உள்ள நிலையங்கள். கைக்கோடரி ஒன்றின் பிரதியையும், ஈமப்பேழை ஒன்றின் பிரதியையும் செய்வித்து, பல்லாவரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓர் அறையை அதற்கென ஒதுக்கி, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி வைத்தால், பத்தாண்டுகளில் அந்தப் பிள்ளைகளே தங்கள் பெற்றோரிடம் அந்த வேலி எதற்கு என்று எடுத்துச் சொல்வார்கள். அதிகாரிகள் அறிவிப்புப் பலகையோடு வர வேண்டிய அவசியம் அப்போது பெரும்பாலும் குறைந்துவிடும்.