வேங்கடத்தின் பின்பக்கம்

திருப்பதிக்குப் போகிற நம்மில் பெரும்பாலோருக்குக் காடு என்பது பஸ் ஜன்னலில் ஓடி மறையும் பச்சை. அலிபிரியில் சோதனை முடிந்தால் வளைவுகள், வளைவுகள் முடிந்தால் வரிசை. நடுவே கடந்து வந்தது 1989இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா என்பதோ, அதையும் உள்ளடக்கிய சேஷாசலம் காடுகள் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமானதோ யாருக்கும் நினைவிருப்பதில்லை. சிறுத்தை வந்தால்தான் காடு ஞாபகத்துக்கு வரும். 2023 ஆகஸ்டில் நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு பக்தர்கள் கையில் கழியோடு ஏறினார்கள்.

தரிசனம் முடித்து, பாக்கராப்பேட்டை வழியாகத் தலக்கோனாவுக்குப் போனோம். 270 அடி உயர அருவி. போகும் வழியில் தொடையளவு தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காட்டின் பெயரைக் கெடுத்த மரத்துக்கு இந்த ஈரம் ஆகாது. செம்மரத்துக்கு வேண்டியது வெயில் காயும் கற்சரிவு. தென் ஆந்திர மலைகளையும் அவற்றை ஒட்டிய சில இடங்களையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. வளர்ச்சியும் மெதுவோ மெது. வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள சிவப்பு வைரத்தை மட்டும் தோளில் சுமந்து இறங்குவார்கள். சீனாவில் அது நாற்காலி, ஜப்பானில் இசைக்கருவி.

சுமப்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். ஜவ்வாது மலையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தரகர்கள் வந்து ஆள் பிடிக்கிறார்கள். ஊரில் பல நாள் உழைத்தும் கிடைக்காத கூலி சில இரவுகளில் கிடைக்கும் என்பது பேச்சு.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய கதையல்ல. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்வது இந்த வேங்கடத்தைத்தான். அகநானூற்றில் இது புல்லி என்ற தலைவனின் மலை. யானை திரியும் அந்தக் காட்டைத் தாண்டிப் பொருள் தேடப் போனவனை நினைத்து வீட்டில் ஒருத்தி உருகிக்கொண்டிருப்பாள். பாட்டில் அவன் திரும்பி வருவான் என்றொரு நம்பிக்கையாவது இருக்கும்.

2013 டிசம்பரில் இந்தக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கைதானார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அப்படியானால் அந்த இருவரைக் கொன்றது யார்? அவர்கள் குடும்பங்களுக்கும் பதில் கிடைக்கவில்லை. இடையில், 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். கோடரியோடு தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முந்தின நாளே சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பியவர்கள். பிடிபட்ட கட்டைகளுக்கோ குழப்பமில்லை. எண்ணி, தரம் பிரித்து, உலக ஏலத்தில் விற்கிறது ஆந்திர அரசு. பெருந்தரகர்களின் பெயர் செய்தியில் அவ்வப்போது வரும், போகும்.

இருட்டுவதற்குள் திரும்பினோம். வழியில் ஒரு சோதனைச் சாவடி. முன்னால் நின்ற இரண்டு உள்ளூர் வண்டிகள் நிற்காத குறையாகப் போய்விட்டன. எங்கள் காரின் எண் டி.என். 23 என்று தொடங்குவதைப் பார்த்ததும் காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்து, குனிந்து பார்த்தார். ஈரத் துண்டுகள், ஒரு லட்டுப் பை. ஸ்டெப்னியையும் தூக்கிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையசைத்தார்.