புட்டுப் பானையும் எந்திரப்பியும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த நாங்கள் எந்திரப்பி என்போம். சட்டனில் பிறந்த மகளுக்கு அது என்ட்ரோபி. அவளும் நானும் தமிழில் நீளப் பேசுவது அருகிவிட்ட காலத்தில், இந்த மாரியில் அவளுடைய ஏ லெவல் இரசாயனம் எங்களைப் பேச வைத்தது.

ஒரு மூல் பனிக்கட்டி 0 பாகையில் உருகும்போது எந்திரப்பி கெல்வினுக்கு ஏறத்தாழ 22 யூல் கூடுகிறது. அதே நீர் 100 பாகையில் ஆவியாகும்போது 109.

"ஏனப்பா இவ்வளவு வித்தியாசம்?"

ஒழுங்கின்மை என்று சொல்லித் தப்பலாம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மூலக்கூறுகளும் சக்தியும் எத்தனை விதமாகப் பரவியிருக்கலாம் என்ற கணக்கே இது. உருகினால் மூலக்கூறுகள் இடம்மாறலாம், நெருக்கம் போகாது. புட்டுப் பானையில் ஆவியாகும் நீரோ ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் பிடிக்கிறது.

பின்னாளில் லண்டனில் பேராசிரியராக இருந்த ட்ரூட்டன், பல திரவங்கள் கொதிக்கையில் இந்தக் கூடுதல் 85-90 அளவிலேயே நிற்பதை 1884இல் கவனித்தார். தண்ணீர் அதைத் தாண்டுகிறது. திரவமாக இருக்கும்போதே ஐதரசன் பிணைப்புகள் அதை இழுத்துக் கட்டியிருக்கின்றன. அவிழ்ந்தால் பாய்ச்சல் பெரிது.

அவள் குசினி யன்னலைக் காட்டினாள். "ஆவி திரும்பத் தண்ணியாகுது. அப்ப குறையுதுதானே?"

நீருக்குக் குறைகிறது. அது விடும் வெப்பம் குளிர்ந்த கண்ணாடிக்கும் வெளிக்காற்றுக்கும் போகிறது. குளிர்ந்த இடத்தில் அதே வெப்பம் கூட்டும் எந்திரப்பி அதிகம்.

"எழுதித் தாங்கோ" என்றாள். தமிழில் எழுதினேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.