தூரோடு அகற்றல்

நுழையுமுன்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உவகையும் தருவது. ஆடுபவரையே அது ஆளத் தொடங்கினால் அதிலிருந்து மீள்வது எளிதன்று. கைப்பேசித் திரையில் ஐந்தாண்டுகளைக் கழித்த மாணவன் ஒருவன், தன் இணைய விளையாட்டுக் கணக்கை நிலையாக மூடிய கதையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கரிசல் நிலம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் காரியாபட்டி. அப்பகுதியின் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மல்லியும் சோளமும் கம்பும் விதைப்பர். உழவு நின்ற நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்ளும். அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுவது அங்குப் பலருக்குப் பிழைப்பு.

அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவன் அம்மாணவன். தந்தைக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. உழவில்லாத மாதங்களில் அவர் கரிமூட்ட வேலைக்குச் செல்வார். 2020ஆம் ஆண்டு, கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் அவன் ஆறாம் வகுப்புக்கு வந்தான். பாடம் கேட்பதற்கென்று தந்தை கடன் வாங்கிக் கைப்பேசி ஒன்று வாங்கினார். வீட்டின் முதல் கைப்பேசியும் ஒரே கைப்பேசியும் அதுதான். பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எஞ்சிய நேரத்தை ஒரு போர் விளையாட்டு எடுத்துக்கொண்டது.

திரைக்குள் ஒரு தலைவன்

வகுப்பறையில் அவன் கடைசி இருக்கைக்காரன், கேட்டாலன்றிப் பேசாதவன். திரைக்குள் அவன் படைத்தலைவன். திருச்சுழியிலும் தேனியிலும் ஓசூரிலும் இருந்த முகமறியாச் சிறுவர்கள் அவனை ‘அண்ணே’ என்று அழைத்தனர். அவன் சொல்லுக்குக் காத்திருந்தனர். அந்த மதிப்பை அவன் வேறெங்கும் பெற்றதில்லை. அவன் விட முடியாமற்போனதற்கு இதுவே முதற்காரணம்.

விளையாட்டின் அமைப்பும் அவனை விடவில்லை. நாள்தோறும் நுழைந்தால் ஒரு பரிசு. ஒருநாள் தவறினால் தொடர்ச்சி அறும். பருவம் முடியுமுன் அடுத்த படிநிலையை எட்டாவிடில் அதுவரை பட்ட பாடு வீண். உள்ளே என்ன இருக்கிறதென அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் உண்டு. பத்து முறை ஏமாற்றி ஒருமுறை கொடுக்கும் அப்பெட்டிக்கும் சூதாட்டக் களத்துக்கும் தொலைவு மிகுதியன்று. பெல்ஜியம் நாடு 2018இல் இவ்வகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

ஆடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். சிறுபகுதியினரையே இந்நோய் பற்றுகிறது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளைவிட ஆட்டத்தை முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

விதை வாங்கிய நாள்

தந்தையின் கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலியை நிறுவி, அதன் இரகசிய எண்ணை அமைத்துக் கொடுத்தவன் மகனே. மல்லி விற்ற பணம் வங்கியில் இருந்தது. முதலில் நாற்பத்தொன்பது ரூபாய், பிறகு எழுபத்தொன்பது. வங்கியின் குறுஞ்செய்திகளை உடனுக்குடன் அழித்தான். ஏழு மாதங்களில் ரூ.11,400 கரைந்தது.

புரட்டாசி இறுதியில் விதை வாங்கக் காரியாபட்டி கடைக்குச் சென்ற தந்தை, கடைக்காரர் காட்டிய அட்டையின்முன் கைப்பேசியைப் பிடித்தார். ‘போதிய இருப்பு இல்லை’ என்று திரை கூறியது. கடையில் நின்றோர் திரும்பிப் பார்த்தனர். வாங்கிய விதையைத் திரும்ப வைத்துவிட்டு அவர் வீடு வந்தார். அடிக்கவில்லை, உரக்கப் பேசவுமில்லை. “அந்த நம்பர நீதானப்பா போட்டுக் குடுத்த?” என்று மட்டும் கேட்டார். அவ்வாண்டு விதைப்பு கடனில் நடந்தது.

அன்றே மகன் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினான். நான்காம் நாள் மீண்டும் நிறுவினான். படிநிலை, உடைகள், தோழர் அனைத்தும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. இவ்வாறு மூன்றுமுறை நிகழ்ந்தது.

சட்டம் எட்டும் தொலைவு

இணையத்தில் பணம் வைத்து ஆடிக் கடன்பட்டோர் உயிர்துறந்த செய்திகள் பெருகியபோது, தமிழ்நாடு அரசு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதனைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 பிப்ரவரியில் வெளியான விதிமுறைகள், பதினெட்டு வயது நிரம்பாதோர் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை அவ்வாட்டங்களில் நுழைவதையும் தடுத்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்தது.

அவன் ஆடியதோ பந்தயமில்லாத போர் விளையாட்டு. அதன் வாயிலைச் சட்டம் மூடவில்லை. அவனே மூடவேண்டியிருந்தது.

> தெரியுமா?
> தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடத் தடைவிதித்தது. 2022 தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. சீனா 2021இல் சிறுவர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டுமே ஆட இசைவளித்தது. மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தந்தை சொன்னது

தை மாத விடுமுறை நாளொன்றில் மகன் தந்தையுடன் தரிசுக்குச் சென்றான். வெட்டிய மரத்தின் தூரைச் சுற்றித் தந்தை கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு தூருக்கு அரைநாள் ஆயிற்று. மேலே வெட்டினால் போதாதா என்று மகன் வினவினான். “மேல வெட்டுனா வருசா வருசம் வெட்டணும் தம்பி. ஒண்ணு நாலாத் துளுக்கும். தூர எடுத்துட்டா ஒரே வேல” என்றார் அவர். மகன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

செயலியை நீக்குதல் வேறு, கணக்கை மூடுதல் வேறு என்பது அன்று அவனுக்கு விளங்கியது. செயலி கைப்பேசியில் உள்ளது. கணக்கோ நிறுவனத்தின் கணினியில் உள்ளது. கணக்குத் தொடங்க வழிசெய்யும் செயலி, அதனை நீக்கவும் வழிசெய்ய வேண்டுமென ஆப்பிள் நிறுவனம் 2022 முதல் விதித்துள்ளது; கூகுளும் அவ்வாறே விதித்தது. தம்மைப் பற்றிய தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையை இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. வழி இருந்தது, அமைப்புகளின் அடுக்கில் ஐந்தாவதாக, சிறிய எழுத்தில் இருந்தது.

முப்பது நாள்கள்

மாசியில் ஒருநாள் மாலை அவன் அதை அழுத்தினான். இழக்கப்போவன அனைத்தையும் திரை வரிசைப்படுத்தியது: படிநிலை, உடைகள், படைக்கலங்கள், நண்பர் பட்டியல். செலுத்திய பணம் திரும்பாது. முப்பது நாள்களுக்குள் ஒருமுறை உள்நுழைந்தாலும் விண்ணப்பம் தானே நீங்கிவிடும். உறுதிசெய்வதற்கான ஆறு இலக்க எண் தந்தையின் பெயரிலுள்ள எண்ணுக்கே வந்தது. கைப்பேசியை அவரிடம் நீட்டினான். அவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சொல்ல, மகன் அவற்றைக் கட்டங்களில் இட்டான்.

அடுத்த நாள்களே கடினமானவை. இரவு ஒன்பது மணிக்குக் கை தானே கைப்பேசியைத் தேடியது. ஆறாம் நாள், “அண்ணே, வரலியா?” என்று ஓசூர்ச் சிறுவன் வாட்ஸப்பில் கேட்டான். பதினோராம் நாள், தோழர்கள் வேறொருவனைத் தலைவனாக்கிக்கொண்டதாக எழுதினர். அன்றிரவு அவன் செயலியை மீண்டும் நிறுவினான். உள்நுழையும் கட்டம்வரை சென்றான். தந்தை திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தார். தூர் தோண்டிய காப்பு அவன் உள்ளங்கையில் இன்னும் ஆறவில்லை. கைப்பேசியை அணைத்து, அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்து படுத்தான். உறக்கம் வர நெடுநேரமாயிற்று.

ஓசூர்ச் சிறுவனுக்கு மட்டும் பின்னர் விடையெழுதினான்: தான் இனி ஆடப்போவதில்லை, ஊருக்கு வந்தால் பார்க்கலாம் என்று. அச்சிறுவன் தன் உண்மையான பெயரை அன்றுதான் தெரிவித்தான்.

பங்குனியில், முப்பத்தோராம் நாள் அவன் தன் எண்ணை இட்டுப் பார்த்தான். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது திரை. மகிழ்ச்சியா வருத்தமா என்று பிரித்தறிய இயலாத ஏதோ ஒன்று அவன் நெஞ்சை அடைத்தது. ஐந்தாண்டுகள் அங்கிருந்தன அல்லவா?

களத்தில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. தந்தை கைப்பேசியை அவனிடம் நீட்டி, “விருதுநகர்ல இன்னைக்கு மல்லி என்ன வெலன்னு பாரு தம்பி” என்றார். விலையைப் பார்த்துச் சொன்னான். “அப்படியே பேங்க்ல எவ்வளவு இருக்குன்னும் பாரு” என்றார் அவர். அதையும் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்தான்.