நீரூற்றருகே ஒரு முதியவர்

ஐந்தாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபின், 1998-இல் தந்தையார் ஒரு கணிப்பொறி வாங்கினார். தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் அது எங்கள் அறையை அடைத்துக்கொண்டது. அதில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் ஆடியது ‘டயாப்ளோ’. போர்வீரன், வில்லேந்திய பெண், மந்திரவாதி ஆகிய மூவருள் ஒருவராக வேடம் பூண்டு, திரிஸ்ட்ரம் என்னும் சிற்றூரின் தேவாலயத்துக்குக் கீழே 16 நிலைகள் இறங்கி, அடியிலுள்ள அரக்கனை வெல்ல வேண்டும்.

அவ்வூர் நீரூற்றருகே கெயின் என்றொரு முதியவர் நிற்பார். கண்டெடுத்த பொருளின் மறைந்த ஆற்றலைச் சொல்ல அவருக்கு 100 பொற்காசு தரவேண்டும். ஊர்க்கதைகளுக்கு மட்டும் விலையில்லை. அவர் பேசும் ஆங்கிலம் பாதியே விளங்கினும் நாங்கள் ஒரு சொல் விடாமல் கேட்போம்.

அதே அறையின் கட்டிலில் தாத்தா அமர்ந்திருப்பார். பாட்டி மறைந்தபின் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்; இந்தி அறியாதவர். பகலெல்லாம் பேச்சுத்துணைக்கு எங்களையன்றி வேறு யார்?

“விக்கிரமாதித்தன் கதை சொல்லட்டுமாடா?” என்பார்.

“இந்த நிலை முடியட்டும், தாத்தா” என்போம்.

ஒன்று முடிந்தால் அடுத்தது திறக்கும். நாங்களும் வேதாளம்போல் மீண்டும் மரமேறிவிடுவோம்.

ஆட்டத்தில் மடிந்தால், சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். தாத்தா 1999 குளிர்காலத்தில் மறைந்தார்.

ஆட்டத்தைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை. அதில் பெற்ற இன்பம் மெய்யே. இன்று எங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுமாறு தந்தையாரை வேண்டுகிறோம். அவருக்கோ பாதிக் கதைதான் நினைவிருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நாங்களோ அன்று கேட்கவில்லை.