மாயோனும் மல்லரும்: அரும்பாவூர் மரச்சிற்பத்தில் எதிராளியின் இடம்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் உள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் தரமும் சிறப்பும் அது உருவாகும் ஊரோடு பிணைந்தவை என்பதைச் சட்டத்தின் வழியே உறுதிசெய்யும் இக்குறியீட்டுக்காக, பூம்புகார் என்று அறியப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 2013இல் விண்ணப்பித்திருந்தது. இவ்வூரின் பட்டறைகளுக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை விநாயகரும் பிற தெய்வங்களும் தனித்து நிற்கும் சிலைகளே ஆயினும், சிற்பியின் திறனை முழுமையாக அளக்க விரும்புவோர் தெய்வமும் பகைவனும் ஒருவரையொருவர் பற்றிப் பொருதும் தேர்ப்பலகைகளையே நோக்க வேண்டும்.

தேர்ச்சிற்பங்களில் பரவலாக இடம்பெறும் கிருஷ்ண லீலைக் காட்சிகளுள் மதுரா நகரின் மற்போரும் ஒன்று. பாகவத புராணத்தின் பத்தாம் கந்தம் கூறும் இக்கதையில், கம்சன் அமைத்த களரியின் வாயிலில் குவலயாபீடம் என்ற யானையை வீழ்த்திவிட்டு உள்ளே நுழையும் கிருஷ்ணனும் பலராமனும் சாணூரன், முஷ்டிகன் என்ற இரு மல்லரை எதிர்கொள்கின்றனர். தங்களுக்கு ஒத்த வலிமையுடைய சிறுவருடன் பொருதுவதே முறை என்று கிருஷ்ணன் சொல்ல, யானையைக் கொன்றவன் சிறுவனாக மாட்டான் என்று மறுக்கும் சாணூரன் அவனைத் தனக்கும், பலராமனை முஷ்டிகனுக்கும் இணையாக வகுக்கிறான். இப்போர் ஒவ்வாதது என்று அவையிலுள்ள பெண்கள் பழிக்கின்றனர். தமிழ் மரபிலும் இக்கருவுக்கு நெடிய வேர் உண்டு. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களில், கம்சனின் வஞ்சத்தை வெல்ல மாயோன் ஆடியது அல்லியம் என்றும், அவுணனை மற்போரில் வென்று ஆடியது மல்லாடல் என்றும் குறிக்கப்படுகின்றன.

இருவர் இருவராக அணிசேர்ந்து, நல்லவர் ஒருபுறமும் தீயவர் மறுபுறமுமாக மோதும் இவ்வமைப்பை இன்றைய வாசகர் தொழில்முறை மல்யுத்தத்தின் வழியே அறிந்திருப்பர். டாக் டீம் என்று வழங்கும் அவ்வாட்டத்தில் ஓரணியில் ஒருவர் மட்டுமே களத்தில் நின்று பொருதுவார். கூட்டாளியின் கையைத் தொட்ட பின்னரே மற்றவர் உள்ளே வரலாம். அங்கு வில்லனாக நடிப்பவரின் பணி எளிதன்று: அவர் தம் வலிமையை அவையோர் நம்பும்படி செய்தால்தான் நாயகனின் வெற்றிக்குப் பொருள் உண்டாகும். தாரா சிங்கைக் கொண்டாடிய கூட்டம் அவரை எதிர்த்த கிங்காங்கின் பேருடலைக் காணவும் திரண்டதற்கு இதுவே காரணம். மரத்தில் மல்லரைச் செதுக்கும் சிற்பியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவர். சாணூரன் சிறுத்துவிட்டால் கிருஷ்ணனும் சிறுத்துவிடுவான்.

அரும்பாவூரில் சிலைகளுக்கு வாகை, மா, மாவிலங்கம், வேம்பு முதலிய மரங்கள் பயன்படுகின்றன. தேர்ப்பணிக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு போன்றவை தமிழகத்தில் வழக்கமாகக் கொள்ளப்படுகின்றன. மரத்தை அறுத்து உலர்த்துதல், வரைபடத்தை அதன்மீது பதித்தல், வாய்ச்சியால் வேண்டாத பகுதியை நீக்குதல் ஆகிய தொடக்கப் பணிகள் எல்லாச் சிற்பங்களுக்கும் பொதுவானவை. போர்க்காட்சி வேறுபடுவது அதற்குப் பிறகுதான். மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக நீளும் கை எளிதில் முறியும் என்பதால், ஒரே கட்டையில் வீசிய கையைத் தனியே நிறுத்துவது இடர் மிக்கது. மற்போர்ச் சிற்பத்திலோ வீரனின் கை மல்லனின் தோளில் ஊன்றுகிறது, மல்லனின் கை வீரனின் இடையைச் சுற்றுகிறது, இவ்விரு பிணைப்புகளே முறிவைத் தடுக்கின்றன. நாயகனின் கை நிலைத்திருப்பது எதிராளியின் தோள் அதைத் தாங்குவதால்தான்.

இப்பிணைப்பு தரும் வலிமைக்கு உரிய விலையைச் சிற்பியின் கை செலுத்துகிறது. கொட்டாப்புளி எனப்படும் மரச்சுத்தியலால் உளியின் தலையில் அடித்துச் செதுக்குவதே பொதுமுறை. ஆனால் இரண்டு உடல்களுக்கு நடுவே உள்ள குறுகிய ஆழத்தில் கொட்டாப்புளியை ஓங்க இடமில்லாததால், மெல்லிய வாயுள்ள உளியை உள்ளங்கையின் அழுத்தத்தாலேயே செலுத்தி, இழை இழையாக மரத்தை எடுக்க வேண்டியுள்ளது. எந்த விளிம்பு வீரனின் முழங்கை, எது மல்லனின் விலா என்பது உளி உள்ளே இறங்கும்போதே தெளிவாக இருக்க வேண்டும். ஒருமுறை மிகுதியாக வெட்டிவிட்டால் இருவரின் உடலும் ஒருங்கே கெடும்.

வீரனையும் பகைவனையும் பிரித்துக்காட்ட மீசையும் உருட்டிய விழியும் மட்டும் போதுமானவையல்ல. சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட தாலம் என்ற அளவால் உருவங்களை வகுக்கின்றன: திருமால், சிவன் முதலிய பெருந்தெய்வங்களுக்கு 124 அங்குலப் பகுப்புடைய உத்தம தசதாலமும், அரக்கர், அசுரர் தலைவர் முதலியோருக்கு நவதாலமும், மனிதருக்கு எட்டுத் தாலமும், விநாயகருக்கு ஐந்து தாலமும் விதிக்கப்பட்டுள்ளன. இங்கு அங்குலம் என்பது உருவத்தின் மொத்த உயரத்திலிருந்து பகுத்துப் பெறும் அலகு. குனிந்தும் முறுக்கியும் நிற்கும் மல்லனிடம் நேர் உயரம் இல்லாததால், முகத்தை அலகாகக் கொண்டு கை, தொடை, மார்பு ஆகியவற்றின் விகிதங்களைத் தனித்தனியே மனத்தில் நிறுத்திச் செதுக்குவதே வழி. தனிச்சிலைகளை மட்டும் செய்து பழகிய கைக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே இக்கலையின் பொருளாதாரத்தைப் பேசும்போது, எத்தனை சிலைகள் விற்றன என்பதோடு எவ்வகைச் சிலைகள் கேட்கப்படுகின்றன என்பதையும் கேட்க வேண்டும். இடைத்தரகர் விரும்புவது விரைவில் முடிந்து, பெட்டியில் அடங்கி, நகரத்து வரவேற்பறையில் தயக்கமின்றி விற்கும் தனித்தெய்வங்களை. உயரத்தை அளந்து விலை பேசும் அவர்களின் கணக்கில் இரு உடல்களுக்கு இடையே உளி செலவிட்ட நாள்களுக்கு இடமே இல்லை. மரம் வாங்கும் கடனையும் அறுப்புக்கூலியையும் முன்கூட்டியே சுமக்கும் சிற்பி, கையில் பணம் வருவதற்காகக் கேட்ட விலைக்கு இசைகிறார். அதே சிலை கைமாறும்தோறும் விலை ஏறுகிறது, செய்தவரின் பெயரோ முதல் கைமாற்றத்திலேயே மறைகிறது. பிறர் உழைப்பின் பெயரை அழித்துவிட்டு அதன் அழகை விற்பது வணிகத் திறமை என்று பாராட்டத் தக்கதன்று, அது அநீதி.

புவிசார் குறியீடு இந்நிலையைத் தானாக மாற்றிவிடாது. 1999ஆம் ஆண்டின் சட்டப்படி இப்பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கத் தக்கது. அதைத் தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டறையும் அப்பதிவைப் பெற உதவுவதும், பீடத்தில் ஊர்ப்பெயரோடு சிற்பியின் பெயரையும் பொறிக்கச் செய்வதும், புதிய தேர்களுக்கு ஒப்பந்தம் இடும் கோயில் நிர்வாகங்கள் போர்க்காட்சிப் பலகைகளை அவற்றுக்குரிய கூலியோடு கேட்பதும் உடனடியாகச் செய்யத் தக்கவை. சாணூரனையும் முஷ்டிகனையும் செதுக்கும் கைக்கு வேலை இருக்கும்வரையில்தான் கிருஷ்ணனையும் பலராமனையும் நிறைவாகச் செதுக்கும் கை அரும்பாவூரில் உருவாகும்.